பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு எங்கே போவது? ஓர் இரண்டாம் ஆண்டு மாணவருக்குப் பதில்

உங்கள் கேள்வி நீளமானது. அதனால் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இதுவரை 62 சதவீத மதிப்பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், பி.எட். முடித்து ஆசிரியராகிவிடு என்கிறார். மாமா மகன், சென்னைக்கு வந்து ஆறு மாதம் கணினிப் பயிற்சி எடு, வேலை நிச்சயம் என்கிறார். உங்களுக்கு எம்.எஸ்சி. படிக்க ஆசை. "இயற்பியலுக்கு எதிர்காலம் இருக்கிறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில் இரண்டு வரிகள் இருக்கின்றன: இதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இன்னும் எத்தனை வருடம் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தராமல் படிக்க முடியும். நீங்கள் உண்மையில் கேட்பது இந்த இரண்டையும்தான் என்று நினைக்கிறேன். இயற்பியலின் எதிர்காலத்தை இயற்பியல் பார்த்துக்கொள்ளும். உங்களுடையதைப் பற்றிப் பேசுவோம்.

நான் ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவருகிறேன். ஆகவே நுழைவுத்தேர்வு, முதுநிலைப் படிப்பு, ஆய்வு, ஆசிரியர் பணி ஆகியவற்றைப் பற்றி நேரடி அனுபவத்திலிருந்து பேச முடியும். மருத்துவமனை, அணுமின் நிலையம் ஆகிய இடங்களில் என் மாணவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் சொன்னதும் அங்கே போய்ப் பார்த்ததும் துணை. மென்பொருள் துறையைப் பற்றி நான் சொல்வதைக் கேள்வி ஞானமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகுதியிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழக மதிப்பெண்ணை வைத்து இதைச் சொல்லவே முடியாது. 62 வாங்கியவர் நல்ல இயற்பியலாளராகலாம், 90 வாங்கியவர் முதல் நுழைவுத்தேர்விலேயே திணறலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன். காரணம் வினாத்தாளில் இருக்கிறது. "சீரற்ற வளைவு முறையில் யங் குணகத்துக்கான கோவையைத் தருவி" என்ற கேள்வியைச் சுழற்சி முறையில் எதிர்பார்த்து, மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். வேறு வகைக் கேள்வி ஒன்றைப் பாருங்கள். ஒரு துகள் ஒரு மையத்தின் இருபுறமும் அலைகிறது. அதன் நிலையாற்றல், மையத்திலிருந்து உள்ள தொலைவின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. வீச்சை இரண்டு மடங்காக்கினால் அலைவுக் காலம் என்னவாகும்? புத்தகத்தில் இதற்குத் தனிச் சூத்திரம் தேட வேண்டாம். வீச்சு இரண்டு மடங்கானால் மொத்த ஆற்றல் 16 மடங்கு. இயக்க ஆற்றல் 16 மடங்கு என்றால் பாதையின் ஒத்த புள்ளிகளில் வேகம் 4 மடங்கு. கடக்க வேண்டிய தூரம் 2 மடங்கு, வேகம் 4 மடங்கு; ஆகவே காலம் பாதியாகிறது. சுருள்வில்லில் அலைவுக் காலம் ஏன் வீச்சைப் பொறுத்து மாறுவதில்லை என்பதும் இதே வழியில் புரிந்துவிடும்.

விடையைப் பார்ப்பதற்கு முன் நீங்களே யோசித்தீர்களா, யோசித்தபோது எரிச்சல் வந்ததா, விடாமல் பிடித்துக்கொள்ளத் தோன்றியதா என்பதைக் கவனியுங்கள். சரியான விடை வந்ததா என்பது இப்போது முக்கியமில்லை. இந்த மாதிரிக் கணக்குகளை நாளுக்கு இரண்டு மணி நேரம், மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத்தேர்வின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று மாதம் கழித்தும் தாளை எடுத்து உட்காரும்போது மனம் அங்கே நின்றால், எம்.எஸ்சி. ஆசைக்கு அடிப்படை இருக்கிறது. ஆய்வகத்தில்தான் மனம் நிற்கிறது, நிறமாலைமானியில் வெர்னியரைப் பார்த்துச் சிறும விலகு கோணத்தை மறுபடி மறுபடி எடுக்கத்தான் பிடிக்கிறது என்றால் அதுவும் இயற்பியல்தான். அதற்கும் நல்ல பாதைகள் உண்டு, கீழே சொல்கிறேன். இரண்டுமே இல்லை, பாடம் பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்றால், அதை நேர்மையாக ஒப்புக்கொண்டு வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறைவும் இல்லை.

இப்போது எம்.எஸ்சி. என் அனுபவத்தில் இயற்பியல் மாணவர்கள் செய்யும் மிக விலை கூடிய முடிவு, வேறு எதுவும் தோன்றாததால் பக்கத்தில் கிடைக்கும் இடத்தில் எம்.எஸ்சி. சேர்வது. இரண்டு வருடமும் கட்டணமும் போகின்றன. அதே குறிப்புகள், அதே மனப்பாடம். முடித்து வெளியே வரும்போது பி.எஸ்சி. முடித்தபோது இருந்த குழப்பம் அப்படியே இருக்கிறது, வயது மட்டும் இரண்டு கூடியிருக்கிறது. எம்.எஸ்சி. படிப்பதானால் நுழைவுத்தேர்வு எழுதி, சிக்கலான கணக்குகளை வாராவாரம் கொடுத்து வேலை வாங்கும் ஓர் இடத்துக்குப் போக முயலுங்கள். அப்படிப்பட்ட நல்ல ஆசிரியர்கள் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளிலும் சில தன்னாட்சிக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அந்தத் துறையில் கடைசியாகப் படித்து முடித்தவர்கள் இருவரைத் தேடிப் பிடித்து, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை விட அது நம்பத்தக்கது.

ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரு விடை உள்ள 30 கேள்விகளில் தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையும். பல விடைகள் உள்ள 10 கேள்விகளுக்கும், எண்ணாக விடை தர வேண்டிய 20 கேள்விகளுக்கும் அந்தக் கழிவு கிடையாது. பாடத்திட்டத்தில் உங்கள் கல்லூரிப் பாடத்துக்கு வெளியே அதிகம் இல்லை: இயக்கவியல், அலைகள், ஒளியியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலை, மின்னணுவியல், இவற்றுக்கு வேண்டிய கணிதம். ஆழம்தான் வேறு. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும் வரும். தமிழ்வழியில் வந்தவர்கள் இதை நினைத்துத்தான் மிகவும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. இயற்பியல் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்களே. ஐம்பது பழைய கணக்குகளைப் படித்து முடிக்கும்போது அவை பழகிவிடும். உண்மையில் தடுக்கி விழ வைப்பது கணிதம். துணைப்பாடமாக வைத்த கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் நுண்கணிதம், அணிகள் மூன்றையும் மறுபடி உட்கார்ந்து போடுங்கள். உதவிக்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் முழுமையாகவும் இலவசமாகவும் இருக்கின்றன.

எத்தனை வருடம் வீட்டுக்குப் பணம் தராமல் படிக்க முடியும் என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் பி.எஸ்சி. முடித்தவர்களை ஜாம் மதிப்பெண் வழியாக, முதுநிலையும் ஆய்வும் சேர்ந்த ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பில் சேர்க்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவை ஜெஸ்ட் என்ற தேர்வு வழியாகவும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தன் சொந்தத் தேர்வு வழியாகவும் சேர்க்கின்றன. இவற்றில் முதல் ஆண்டிலிருந்தே மாத உதவித்தொகை உண்டு. சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை; இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் விண்ணப்பிக்காமல் விடுவதற்கும் காரணம் இல்லை.

வழக்கமான எம்.எஸ்சி. முடித்து முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் நிலைக்குத் தேர்ச்சி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. இதுவரை சொன்னது உறுதியான விஷயம். உறுதியில்லாதது அதற்குப் பிறகு வருவது. முனைவர் பட்டம் முடிய ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிறகு தற்காலிக ஆய்வுப் பணிகள், பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தரப் பேராசிரியர் வேலை முப்பதுகளின் நடுவில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அரசு கலைக் கல்லூரிகளில் ஏராளமான வகுப்புகளை இன்று தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் நடத்துகிறார்கள். உங்கள் கல்லூரியிலேயே அப்படி இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் மரியாதையாக உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வு வாழ்க்கை எனக்குத் தந்த மகிழ்ச்சியை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் வீட்டில் கடன் இருக்கும் ஒரு மாணவரிடம் இந்தக் கணக்கை மறைத்துவிட்டு "கனவைத் தொடருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

62 சதவீதத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான அறிவுரை. அது 60-க்குக் கீழே இறங்கவே கூடாது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களை உதவித்தொகையோடு எடுத்து, பிறகு அறிவியல் அலுவலராக நியமிக்கிறது. அந்தப் பயிற்சி நடக்கும் இடங்களில் கல்பாக்கமும் ஒன்று. அதற்குக் குறைந்தது 60 சதவீதம் கேட்கிறார்கள். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் அங்கேயும் கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களிலும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளராகச் சேர்ந்து அறிவியல் உதவியாளராகும் வழி இருக்கிறது. அதற்கும் 60 வேண்டும். ஒன்றரை சதவீதக் குறைவால் விண்ணப்பிக்கவே முடியாமல் போன மாணவர்களை எனக்குத் தெரியும். மீதி இருக்கும் செமஸ்டர்களில் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். சதவீதத்தைத் தூக்கி நிறுத்த அதைவிட எளிய வழி இல்லை.

ஆய்வகம் பிடிக்கும் என்றால் பாருங்கள் என்று சொன்னேனே, அதில் நான் முதலில் சொல்வது மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் மருத்துவமனைகளில் மருத்துவருக்குப் பக்கத்தில் ஓர் இயற்பியலாளர் இருந்தாக வேண்டும். கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எந்தக் கோணத்தில், பக்கத்து உறுப்புக்குப் போகாமல் எப்படி என்று திட்டமிட்டுக் கணக்கிடுவது அவர் வேலை. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன், நேரியல் முடுக்கி என்ற சிகிச்சை இயந்திரம் சரியான அளவில் கதிர்வீச்சைத் தருகிறதா என்று, கதிர்வீச்சை அளக்கும் அயனியாக்கக் கலம் வைத்துச் சோதிப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். கலத்துக்குள் இருப்பது அறையின் காற்று. அறை 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குச் சூடானால் கலத்துக்குள் இருக்கும் காற்றின் நிறை குறைகிறது. கருவி ஏறத்தாழ 1.7 சதவீதம் குறைத்துக் காட்டும். அதை அப்படியே நம்பி இயந்திரத்தைக் கூட்டி வைத்தால் நோயாளிக்கு அந்த அளவு கதிர்வீச்சு கூடுதலாகப் போகும். ஆகவே வெப்பமானியையும் அழுத்தமானியையும் பார்த்து, கெல்வினில் விகிதம் எடுத்துத் திருத்துகிறார்கள். நீங்கள் முதலாண்டில் படித்த வாயு விதிதான் அது. இந்த வேலைக்கு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல், அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியக்க இயற்பியல் பட்டயம், அதோடு கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் ஓராண்டுப் பயிற்சி தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த எம்.எஸ்சி. இருக்கிறது. சேரும் முன், அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா, ஓராண்டுப் பயிற்சிக்கு இடம் யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பயிற்சி இடம் கிடைக்காமல் காத்திருப்பதுதான் இந்தப் பாதையின் பெரிய சிக்கல்.

அப்பா சொல்லும் பி.எட். மோசமான யோசனை இல்லை. நல்ல இயற்பியல் ஆசிரியர் கிடைக்காத பள்ளிகள் ஏராளம். உங்களைப் போன்ற ஒருவர் அங்கே போவது அந்த ஊருக்கே நல்லது. ஆனால் கணக்கு அப்பா நினைக்கிற மாதிரி எளிதாக இல்லை. பி.எட். இரண்டு வருடம். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். 2018-இல் வந்த அரசாணையின்படி டெட் தேர்ச்சி மட்டும் வேலையாகிவிடாது, தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டும் வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கும். அந்த அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் இருக்க வேண்டும். கற்பிப்பது உங்களுக்குப் பிடிக்குமா என்பதை இந்த விடுமுறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கு ஒரு மாதம் மின்னியல் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாத முடிவில் களைப்பா, ஆர்வமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாமா மகன் சொல்வதில் பாதி உண்மை. இயற்பியல் படித்தவர்கள் மென்பொருள் வேலையில் நன்றாகவே நிலைக்கிறார்கள். ஆறு மாதத்தில் வேலை "நிச்சயம்" என்று யார் சொன்னாலும், குறிப்பாகப் பயிற்சிக் கட்டணம் வாங்குகிறவர் சொன்னால், நம்ப வேண்டாம். நிரலாக்கத்தை மூன்றாம் ஆண்டுக்குள் நீங்களே கற்றுக்கொள்ளலாம். எந்தப் பாதையில் போனாலும் அது உதவும். பைத்தானில் தொடங்குங்கள். தனி ஊசலின் அலைவுக் காலம் சிறு கோணத்தில் மட்டும்தான் பாடத்தில் உள்ள சூத்திரப்படி வரும். 60 டிகிரியில் விட்டால் எவ்வளவு மாறும் என்று எண்முறையில் கணக்கிட்டு, வீட்டில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். சான்றிதழ்க் குவியலை விட, இப்படி நீங்களே செய்து முடித்த ஒன்றைப் பற்றி நேர்காணலில் பேசுவது நல்லது என்பது என் கருத்து. முறையாகப் போக வேண்டுமென்றால் எம்.சி.ஏ. உண்டு, பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்த இயற்பியல் பட்டதாரி சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருந்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யிலும் சேர முடியும்.

பி.எஸ்சி.யோடு நிற்க வேண்டிய நிலை வந்தால், டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். அதிகம் பேர் கவனிக்காத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: இந்திய விமான நிலைய ஆணையம் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுக்கிறது. வயது வரம்பு 27. உங்கள் துணைப்பாடக் கணிதம் போதுமா என்பதை அறிவிப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசும் பயிற்சியும் வேண்டும். வேலைக்குப் போய்விட்டால் இயற்பியல் கதவு மூடிவிடும் என்றும் பயப்படாதீர்கள். ஜாம் எழுத வயது வரம்பு கிடையாது. இரண்டு வருடம் சம்பாதித்து, வீட்டுக் கடனைக் குறைத்துவிட்டு எம்.எஸ்சி.க்கு வந்தவர்கள் வகுப்பில் மற்றவர்களை விட முனைப்பாகவே இருந்தார்கள்.

வெளிநாடு பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான பெரிய தொகையை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் பல துறைகள் நான்காண்டு இளநிலைப் பட்டம் எதிர்பார்க்கின்றன. உங்கள் சூழலில் இங்கே நல்ல எம்.எஸ்சி. முடித்துவிட்டு, உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்கு வெளியே போவதுதான் நான் பரிந்துரைக்கும் வரிசை.

வீட்டில் பேசும்போது "எம்.எஸ்சி. படிக்கிறேன்" என்று மொட்டையாகச் சொல்லாமல் காலக்கெடுவோடு சொல்லுங்கள். அடுத்த பிப்ரவரியில் இந்தத் தேர்வுகளை எழுதுகிறேன், உதவித்தொகை உள்ள இடமோ நல்ல துறையோ கிடைத்தால் போகிறேன், கிடைக்காவிட்டால் ஜூனிலிருந்து வேலை தேடுகிறேன் அல்லது பி.எட். சேர்கிறேன் என்று சொன்னால் தறி ஓட்டும் ஒருவருக்கு அது புரியும். அவர் எதிர்பார்ப்பது ஒரு தேதி என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கெடு பெரும்பாலும் நவம்பரில் முடிந்துவிடும். கிடைத்தால் இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வகத்தில் இருக்கலாம், உதவித்தொகையும் பயணச் செலவும் தருவார்கள். அதற்கு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும், நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற ஒரு சிறு குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பில் கருந்துளை, குவாண்டம் கணினி என்று பெரிய சொற்களை அடுக்காதீர்கள். நீங்களே கையால் செய்த ஒரு சோதனையைப் பற்றி, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, ஏன் மாறியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஊசல் சோதனையை அக்டோபருக்குள் முடித்துவிட்டால் எழுத விஷயம் இருக்கும்.